காரைக்குடியிலிருந்து பளியர் குடியிருப்புக்கு: விருந்தாளியாகப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு அடுப்படியில் கறிக்குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு சிட்டிகை கல்பாசி விழாவிட்டால் ஆச்சிமார் அதைக் குழம்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கல்பாசி நம் செம்மண்ணில் விளைவதில்லை. மலைக்காட்டு மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓர் உயிராக வாழ்வது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அதைச் சுரண்டிக் காயவைத்து மூட்டையாகக் கீழே இறக்குகிறவர்களில் மலைவாழ் பழங்குடியினர் உண்டு. மலைத்தேன், கடுக்காய், பெருநெல்லி, சீமாற்றுப் புல் எல்லாமே இப்படித்தான் நம் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிற நமக்குக் கடைக்காரரைத் தெரியும், அதற்கு மேல் யாரையும் தெரியாது.

அப்படி மலையில் வாழும் பளியர் பழங்குடியினரின் ஊருக்குப் போய் அந்த வாழ்க்கையை நேரில் பார்க்க முடியுமா என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. முடியும். ஒரு நாள் பயணத் தூரம்தான். ஆனால் உயிரியல் பூங்காவுக்குக் கிளம்புவதுபோல டிக்கெட் எடுத்துக் கிளம்புகிற விஷயம் இல்லை இது. இதற்கு ஒரு முறை இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு அதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். முகப்பில் நின்று படம் எடுப்பவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். கேட்காமல் கொள்ளாமல் வளவு (நடு முற்றம்) தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்து, அடுப்படியில் நிற்கும் ஆச்சியை நோக்கி கேமராவைத் தூக்குகிறவரை என்ன செய்வது? அந்த எரிச்சலைப் பட்டவர்கள் நாம். அதையே மலையில் போய் நாம் செய்துவிட்டு வரக்கூடாது. கீழே சொல்லும் அத்தனை படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

யாரைப் பார்க்கப் போகிறோம்

செட்டிநாட்டில் காடு சார்ந்த பழங்குடிக் குடியிருப்பு என்று சொல்லும்படி இல்லை. இங்கே இருப்பது கண்மாயும் ஊருணியும் பொட்டலும்தான். நமக்குப் பக்கத்து மலைகள் என்றால் மேற்கே நத்தம் தாண்டிச் சிறுமலை, அதற்கப்பால் பழனி மலைத்தொடர். அங்கே காலங்காலமாக இருப்பவர்கள் பளியர்கள். பழனி மலை, சிறுமலை, வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி எனத் திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் சிறுசிறு குடியிருப்புகளாகப் பரவியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் நெடுங்காலம் 36 இனங்கள் இருந்தன. 2023-ல் நரிக்குறவரும் குருவிக்காரரும் சேர்க்கப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் மொத்தம் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அதில் பெரும்பங்கு கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன் மலைகளில் உழுது பயிர் செய்யும் மலையாளி இனத்தார் (கேரளத்து மலையாளிகள் அல்ல). பளியர்கள் அப்படி இல்லை. கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, சேகரித்து வாழ்ந்தவர்கள். பாறைக்குகையைப் புடவு என்பார்கள்; மழைக்காலத்தில் புடவில் தங்கிய தலைமுறை இன்னும் பேச்சில் இருக்கிறது.

இப்போது போனால் புடவில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அரசு கட்டிக்கொடுத்த காலனி வீடு, தகரக் கூரை, டிவி, செல்போன், ரேஷன் அட்டை என்றுதான் இருக்கும். பலர் காபித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் தினக்கூலி. காட்டுக்குப் போவது வருஷத்தில் சில பருவங்களில். இதைப் பார்த்து ‘ஒரிஜினலா இல்லையே’ என்று முகம் சுளிப்பவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கலாம். நாம் மட்டும் வில்வண்டியிலா கடைக்குப் போகிறோம்?

இன்னொரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1960-களில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் அவர்களைப் பற்றிக் குறிப்பாகப் பதிவு செய்தது, சண்டையைத் தவிர்ப்பதையும் போட்டி போடாமல் இருப்பதையும், ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடாத பழக்கத்தையும்தான். குழந்தையைக்கூட அதட்டி வேலை வாங்குவது அரிது. மனக்கசப்பு வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போய்விடுவார்கள். இதன் நடைமுறைப் பொருள்: நீங்கள் எதையாவது கேட்டு அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். ‘பாக்கலாம்’ என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். நம் ஊரில் மௌனம் சம்மதம். அங்கே மௌனம் மறுப்பு. இதை மனதில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

படி 1: அழைப்பு வாங்குங்கள்

எந்த ஊருக்குப் போவது என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. இருபது முப்பது வீடு உள்ள இடத்துக்கு வாரம் நாலு கார் போய் நின்றால் அங்கே யாரும் நிம்மதியாகச் சோறு பொங்க முடியாது. ஊரைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். அங்கிருந்து யாராவது ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும்.

அதற்கு வழிகள் உண்டு. பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோருக்கு அந்த மக்களோடு தினப் பழக்கம் இருக்கும்; நம்பிக்கையும் இருக்கும். பழங்குடியினரோடு பல வருஷமாக வேலை செய்யும் தொண்டு அமைப்புகள் மூலமும் கேட்கலாம். நீலகிரியில் என்றால் 1993-ல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் பவுண்டேஷன் தேன் எடுக்கும் மக்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. எனக்குப் பிடித்த வழி வேறு: முதலில் அவர்களிடம் தேனோ மிளகோ வாங்கும் ஆளாக ஆகுங்கள். நல்ல விலை கொடுத்து, சொன்ன நாளில் பணம் கொடுத்து ஓரிரு பருவம் வாங்கினால், அழைப்பு தானாக வரும். வியாபாரத்தில் நாணயம் என்றால் என்னவென்று செட்டிநாட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய ஆள் யார் என்றால், ‘ஆதிவாசி டூர், நடனம், காட்டுச் சாப்பாடு’ என்று பேக்கேஜ் போட்டு விற்பவர். 2012-ல் அந்தமானில் ஜராவா பழங்குடிப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி வெளியாகி நாடே தலைகுனிந்தது. ஆடச் சொல்லிக் காசு கொடுப்பது எந்த மலையிலும் அதே கேவலம்தான். திருவிழாவில் அவர்களாக ஆடினால், கூப்பிட்டால், ஓரமாக நின்று பாருங்கள்.

படி 2: காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி

ஊருக்குப் போவது வேறு, காட்டுக்குள் போவது வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

குடியிருப்பு சாலையோரத்திலோ வருவாய் நிலத்திலோ இருந்தால் அவர்கள் அழைப்பு போதும். காப்புக்காட்டுக்குள் ஒரு அடி வைக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். இல்லாமல் போவது குற்றம். ‘நம்ம ஆளு கூட வர்றாரு’ என்பது சட்டத்தில் செல்லாது. அவருக்கு உரிமை உண்டு, உங்களுக்கு இல்லை. 2006-ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் பழங்குடியினருக்குச் தேன், கிழங்கு போன்ற சிறு வன விளைபொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை அவரோடு வரும் விருந்தாளிக்கு ஒட்டாது. மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு நீங்கள் காரைக்குடிக்கு வந்துவிடுவீர்கள். நாளைக்கும் அதே வனவர் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர்.

மலையேற்றமும் சேர வேண்டும் என்றால் நேர்வழி ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி 40 வழித்தடங்களை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து போகலாம். வழிகாட்டிகளாக உள்ளூர் ஆட்களும் பழங்குடி இளைஞர்களும் வருகிறார்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அவர்களுக்குச் சம்பளம் போகிறது என்பது இதில் நல்ல விஷயம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வழிகாட்டியோடு ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள். அவரோடு பேச்சு ஒத்துப்போனால், அடுத்த முறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம்.

படி 3: எப்போது போவது

மாசி, பங்குனியில் வேண்டாம். காடு காய்ந்து கிடக்கும், தீப் பருவம், வழித்தடங்களை மூடிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மலைப்பாதையில் மண் சரியும், அட்டை காலைப் பிடிக்கும். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை காபிப் பழம் பறிக்கும் காலம். வாரநாளில் போனால் ஊரில் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள்.

மழை விட்ட பின் மார்கழியிலோ தையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லது. தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நாட்கள் அவை; நீங்கள் போகப்போவதும் அதே சாலைதான். வண்டியை நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது.

தேன் பருவம் சித்திரையிலிருந்து ஆனி வாக்கில். அப்போது அவர்கள் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். கூப்பிட்டால் மட்டும் போகலாம்.

படி 4: வழி

காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்: 110 கிலோமீட்டர் வாக்கில். பேருந்திலும் போகலாம்; நேர் பேருந்து கிடைக்காவிட்டால் திருப்பத்தூரிலோ சிங்கம்புணரியிலோ மாறிக்கொள்ளலாம். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் பிரான்மலை தெரியும். பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். உழாமலே பறம்பு கொடுக்கும் நாலு பொருள் என்று சங்கப் பாட்டு சொல்வது மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, மலைத்தேன். மேலே போனதும் இந்தப் பட்டியல் ஞாபகம் வரும்.

சிறுமலைக்குப் போவதானால் திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் முன்பே நத்தம் சாலையில் பிரிவு வரும். 18 கொண்டை ஊசி வளைவுகள். வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. பழனி மலைப் பக்கம் என்றால் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து தாண்டிக்குடி பக்கமோ கொடைக்கானல் பக்கமோ ஏற வேண்டும். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

இரவு தங்குவது சிறுமலையிலோ தாண்டிக்குடியிலோ ஏதாவது விடுதியில். முதல்முறையே குடியிருப்பில் தங்க ஆசைப்படாதீர்கள். ஒரே அறை உள்ள வீட்டில் நீங்கள் படுத்தால் யாரோ வெளியே படுக்க வேண்டியிருக்கும். அதை அவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

படி 5: ஆட்களும் பையும்

நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். குடும்பத்தோடு போவது தனி ஆண்கள் கூட்டமாகப் போவதைவிட எப்போதும் நல்லது. பெண்கள் கூட வந்தால் அங்குள்ள பெண்கள் பேசுவார்கள். காய்ச்சல், சளி, இருமல் இருப்பவர் அன்றைக்கு வர வேண்டாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஊர் அது.

மங்கலான நிறத்தில் பருத்தி உடுப்பு, பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ, தண்ணீர், சொந்தத் தட்டும் தம்ளரும், டார்ச், உப்பு (அட்டைக்கு), வழக்கமான மாத்திரைகள். சென்ட், வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ வேண்டாம். தேனீ உள்ள காட்டில் வாசனை வம்பு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகாதீர்கள். தப்பித் தவறிப் போனால் அதே பையில் திரும்பி வரட்டும். கழிப்பறை வசதி உங்கள் வீட்டில் இருப்பதுபோல இருக்காது. கிளம்பும் முன் விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் என்ன எடுத்துப் போவோமோ அதுதான். கைமுறுக்கு, சீடை, மாவுருண்டை, அதிரசம், எல்லா வீட்டுக்கும் பங்கிடும் அளவுக்கு, ஒரு மூத்த அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பார்த்துப் பிரித்துக்கொள்வார். குழந்தைகளை வரிசையில் நிறுத்தி சாக்லேட் கொடுத்துப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். மது பாட்டில் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும்.

படி 6: ஊருக்குள் நுழைவது

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அழைத்தவர் வந்து கூட்டிப் போகும்வரை முதல் வீட்டருகே நில்லுங்கள். முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு வந்த புதியவரை ‘எந்த ஊரு, எந்தக் கோயிலு’ என்று கேட்பதுபோல அவர்களும் விசாரிப்பார்கள். நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

பேச்சில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே போனதும் நாக்கில் ‘நீ, வா, போ’ வந்துவிடுகிறது. அறுபது வயதுக்காரரை ‘ஏய், இங்க வா’ என்று கூப்பிடுவதைக் காபித் தோட்டங்களில் சர்வ சாதாரணமாகக் கேட்கலாம். அவர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் வேறு ஓசையில். உங்கள் தொனி அவர்களுக்கு நன்றாகவே புரியும். ஐயா, அம்மா, அண்ணே, அக்கா, தம்பி என்று வயதுக்குத் தக்கபடி கூப்பிடுங்கள். ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசுங்கள். ‘உங்க பாஷைல ஏதாச்சும் பேசிக் காட்டுங்க’ என்பதைக் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் கூப்பிட்டால் போங்கள், இல்லாவிட்டால் திண்ணை போதும். கொடுக்கும் டீயைக் குடியுங்கள். வயிறு சரியில்லை என்று தோன்றினால் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்று பணிவாகச் சொல்லலாம். முகத்தைச் சுளித்துத் தம்ளரைத் தள்ளிவைப்பது மட்டும் கூடாது.

எதைப் பேசுவது? மழை, தேன் வரத்து, பன்றி வந்து தோட்டத்தைக் கிண்டியது, பிள்ளைகள் படிப்பு, சாதிச் சான்றிதழ் கிடைத்ததா இல்லையா என்று பேச்சு தானாகப் போகும். சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் பல வருஷம் அலைந்த கதை பல வீட்டில் இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். ‘கலெக்டரைத் தெரியும், பேசி முடிச்சுத் தர்றேன்’ என்று வாய்விடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களை அவர்கள் ஏற்கனவே நிறையப் பார்த்தாயிற்று.

சாமி இருக்கும் இடம் பெரும்பாலும் ஒரு மரத்தடியோ பாறையடியோதான். பளிச்சியம்மனையும் வனதேவதைகளையும் கும்பிடுவார்கள். கோபுரம் இல்லையே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். செருப்பை எங்கே கழற்றுவது, யார் உள்ளே போகலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்து அய்யனார் கோயில் காட்டில் சுள்ளி ஒடிக்கவே பயப்படுகிறவர்களுக்கு இது பழக்கமான ஒழுங்குதான்.

படி 7: அவர்களோடு ஒரு பகல்

அனுமதியோடு, அவர்களும் சம்மதித்தால், ஒரு பகல் கூட நடக்கலாம். இங்கே உங்கள் வேலை பின்னால் நடப்பதும் பார்ப்பதும்தான். கேள்விகளை வழியில் அடுக்காமல் உட்காரும் இடத்தில் கேளுங்கள். காட்டில் சத்தம் போடுகிறவரை அவர்களுக்குப் பிடிக்காது. யானையும் கரடியும் காட்டெருமையும் எங்கே இருக்கின்றன என்பதைக் காதால் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள். உங்கள் பேச்சு அதைக் கெடுக்கும்.

கிழங்கு தோண்டுவதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். காட்டு வள்ளிக்கொடியின் இலை பழுத்து உதிரும் பருவத்தில் கிழங்கு முற்றியிருக்கும். கொடியைத் தொடர்ந்துபோய் வேர் இறங்கும் இடத்தைப் பிடித்து, முனை கூராக்கிய கம்பாலோ இரும்புப் பாரையாலோ பக்கவாட்டில் குழி எடுப்பார்கள். கிழங்கு நேராக ஆழத்துக்கு இறங்கியிருக்கும். ஆள் உயரத்துக்குக்கூடத் தோண்ட வேண்டி வரலாம். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் இன்னும் சிரமம். எடுத்தபின் கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை விட்டுவைத்து, மண்ணை மூடிவிட்டுத்தான் நகர்வார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி துளிர்க்கும். இதை யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை, கை தன்பாட்டுக்குச் செய்யும். சில கிழங்கு கசக்கும். அதைச் சீவி வேகவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டபின்தான் சாப்பிடுவார்கள். நீங்களாக எதையும் பிடுங்கி வாயில் போடாதீர்கள்.

தேன் பற்றி நிறையக் கேட்கலாம், அவர்களும் ஆசையாகப் பேசுவார்கள். பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டுவது பெருந்தேனீ. நாம் மலைத்தேன் என்று வாங்குவது அது. மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காகக் கட்டுவது பொந்துத்தேன் அல்லது அடுக்குத்தேன். கொட்டாத சின்ன ஈ சேர்ப்பது கொசுத்தேன். மிகக் கொஞ்சமே கிடைக்கும், மருந்துக்கு என்று வைத்துக்கொள்வார்கள். பெருந்தேனைப் பெரும்பாலும் இருட்டில், பச்சிலைப் பந்தத்தின் புகையைக் காட்டி, கொடிக்கயிற்றில் தொங்கி எடுப்பார்கள். பல மலைவாழ் மக்களிடையே மேலே கயிற்றைக் காவல் காப்பவர் மனைவியின் உடன்பிறந்தான். தங்கை தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது அண்ணன்காரன் அசந்து தூங்க மாட்டான் என்ற கணக்கு.

இதை நேரில் பார்க்கவேண்டும் என்று கேட்காதீர்கள். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. பழக்கமில்லாத ஒருவர் கீழே நின்று டார்ச் அடித்தால் தேனீ மொத்தமும் வெளிச்சத்தை நோக்கி வரும். பகலில் காலியான பாறையைக் காட்டச் சொல்லி, எப்படி இறங்குவார்கள் என்று கேட்டுக்கொள்வதே போதும்.

கறி விஷயம். செட்டிநாட்டு நாக்குக்குக் காட்டுக்கறி ஆசை வருவது இயல்பு. காடை, முயல் எல்லாம் காரைக்குடி மெஸ்ஸிலேயே பண்ணையிலிருந்து வருகிறது, இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மலையில் உடும்போ பன்றியோ மானோ கேட்டால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் மட்டுமல்ல, உங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவரும் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.

படி 8: பணம்

கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்தப் பகுதியில் தோட்ட வேலைக்கு என்ன கூலி என்று விசாரித்து, அதற்குக் குறையாமல், முடிந்தால் கூடுதலாகக் கொடுங்கள். எவ்வளவு என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். அவர்கள் தொகை சொல்லத் தயங்குவார்கள். நீங்கள் சொல்லி, ‘இது போதுமா’ என்று கேளுங்கள். சமைத்துப் போட்டவருக்குத் தனியாக. இடையில் கூட்டி வந்தவர் கையில் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொடுத்தால் அது எல்லாருக்கும் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

தேன், மிளகு, சீமாறு வாங்கினால் பேரம் வேண்டாம். காரைக்குடிக் கடையில் மலைத்தேன் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அங்கே வியாபாரிகள் முன்பணம் கொடுத்துவைத்து, பருவத்தில் கிடைப்பதைச் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். வட்டிக்கடை பார்த்து வளர்ந்த நமக்கு இதன் கணக்கு நன்றாகவே புரியும்: முன்பணம் கொடுத்தவன்தான் விலையைச் சொல்வான். அவர்கள் ஏற்கனவே ஒருவரிடம் வாங்கியிருந்தால் உங்களுக்கு விற்கத் தயங்கலாம்; வற்புறுத்தாதீர்கள்.

படி 9: படம்

முதல் இரண்டு மணி நேரம் போன் பையிலேயே இருக்கட்டும். பிறகு கேட்டு எடுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால் அதுதான் பதில். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள். சாமி இடத்தை எடுக்கவே வேண்டாம். இணையத்தில் போட்டால் ஊர்ப் பெயரும் வரைபடக் குறியும் போடாதீர்கள். தேன் எடுக்கும் பாறை, கல்பாசி மண்டிய சோலை இவற்றின் இருப்பிடம் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே வேறு ஆட்கள் வந்து வழித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அழைப்பு கிடைக்காவிட்டால்

கட்டாயப்படுத்திப் போவதைவிட வேறு இடங்கள் இருக்கின்றன. கொல்லிமலைக்குத் திருச்சி, நாமக்கல் வழியாகப் போகலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்குள்ள மலையாளி மக்கள் வெளியாட்களுக்குப் பழகியவர்கள். சாமை, தினை, பலா, மிளகு விளையும் வயல்களைப் பார்க்கலாம், சந்தையில் வாங்கலாம். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். கொடைக்கானலில் செண்பகனூர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் உண்டு; தமிழ்நாட்டுப் பழங்குடிகளின் வீட்டு மாதிரிகளையும் கருவிகளையும் யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போக முதலில் இதுவே சரி.

திரும்பி வந்தபின்

எடுத்த படங்களை அச்சுப்போட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு. காகிதத்தில் வருவதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள். ஆசிரியர் முகவரிக்குத் தபாலில் அனுப்பினால் போய்ச் சேரும்.

வாங்கிவந்த மலைத்தேனில் நீர்ச்சத்து அதிகம். கடைத்தேன் போலக் கெட்டியாக இருக்காது, நுரைக்கவும் செய்யும். கலப்படம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி மட்டும் ஊற்றி, மூடியை ரொம்ப இறுக்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது.

மறுபடி போக நினைத்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் அங்கே சிக்னல் போய்விடும், நாலு நாள் போன் எடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அடுத்த வாரம் மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் ‘பாக்கலாம்’ என்றே சொன்னால், அந்த வருஷம் விட்டுவிடுங்கள்.